புலி முத்திரையும் பொறித்த சொல்லும்

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் செல்லும் சாலையில் சிறிது நேரம் நின்றால், சிமெண்ட் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து செல்வதைக் காணலாம். சுண்ணாம்புக்கல் நிறைந்த இம்மாவட்டத்தில் பல ஆலைகள் இயங்குகின்றன. ஒவ்வோர் ஆலைக்கும் ஒரு பெயர், ஒரு சின்னம், ஒரு வாசகம். மூட்டைக்குள் இருக்கும் தூளைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்க எவராலும் இயலாது. மூட்டையின் மேலுள்ள சின்னத்தை நம்பியே வாங்குகிறோம். அரியலூரில் உள்ள தமிழ்நாடு அரசு ஆலையின் சிமெண்டுக்கு 'அரசு' என்றே பெயர். அப்பெயரைக் காணுந்தோறும், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே மண்ணில் ஓர் அரசு தன் பெயரையும் சின்னத்தையும் நாடெங்கும் நிலைநாட்டிய வரலாறு நம் நினைவுக்கு வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவர்கள் சிலருடன் கங்கைகொண்ட சோழபுரம் சென்றிருந்தோம். கோயிலைக் கடந்து, சோழர் அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் அகழ்ந்து காணப்பட்ட செங்கற் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சோழர் செப்பேட்டு முத்திரையின் படத்தை அவர்களுக்குக் காட்டினோம். லப்பைக்குடிகாட்டைச் சேர்ந்த ஒரு மாணவர் தயங்கியவாறே, "ஹஜ்ரத், புலி சோழருடையது என்றால், மீனும் வில்லும் அங்கே ஏன்?" என்று கேட்டார். மற்றொருவர், "உருவம் பொறித்த மன்னரின் முத்திரை நமக்கெதற்கு ஹஜ்ரத்?" என்றார். இரண்டு கேள்விகளுக்கும் அன்று சுருக்கமாகவே விடை சொன்னோம். விரிவான விடையை இங்கே எழுதுகிறோம்.

முதற் கேள்விக்கான விடை எளிது. செப்பேடுகளைக் கோத்த வளையத்தின் முத்திரையில் அமர்ந்த புலி, அதனருகே இரு மீன்கள், வில், மேலே வெண்கொற்றக் குடை, இருமருங்கிலும் சாமரமும் விளக்கும், சுற்றிலும் மன்னன் ஆணையை அறிவிக்கும் வடமொழி வாசகம். மீன் பாண்டியருடையது, வில் சேரருடையது. வென்றவர் தோற்றவரின் சின்னத்தை அழிக்கவில்லை; தம் குடைக்கீழ் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள். எழுத்தறியாதவரும் ஒரு பார்வையில் படித்துவிடக்கூடிய வரலாறு அது.

எழுத்தறிந்தவர்க்கு மெய்க்கீர்த்தி இருந்தது. கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னனின் வெற்றிகளை ஒரே வாய்பாட்டில் சொல்லும் வழக்கத்தை முதலாம் இராஜராஜன் (கி.பி. 985-1014) நிலைபெறச் செய்தான். ஒவ்வொரு மன்னனுக்கும் தனித்த தொடக்கச் சொற்கள் உண்டு. கல் சிதைந்து மன்னன் பெயர் அழிந்துபோயினும், முதல் இரண்டு சொற்களைக் கொண்டே கல்வெட்டு ஆய்வாளர்கள் அவனை அடையாளம் கண்டுவிடுகின்றனர். புதிய வெற்றி கிடைத்தால் வாசகம் நீளும். முதலாம் இராஜேந்திரனின் (கி.பி. 1012-1044) மெய்க்கீர்த்தி கங்கைப் படையெடுப்பாலும், பின்னர்க் கடாரப் படையெடுப்பாலும் இவ்வாறே நீண்டது. தலைநகரில் இயற்றப்பட்ட ஒரே வாசகம், ஈழம் முதல் கங்கபாடி வரை சொல் மாறாமல் கல்லில் ஏறியது. அச்சு இயந்திரம் இல்லாத காலத்தில் இது சாதாரணச் செயலன்று.

பெயர்சூட்டலும் இதே நோக்கில் நடந்தது. தொண்டை மண்டலம் ஜயங்கொண்ட சோழ மண்டலமாயிற்று. ஈழம் மும்முடிச் சோழ மண்டலம். கங்கபாடி முடிகொண்ட சோழ மண்டலம். 'கங்கைகொண்டான்' என்னும் விருது காசிலும் ஏறியது, ஊர்ப் பெயராகவும் நின்றது. தானியம் அளக்கும் மரக்காலுக்குக்கூட 'இராசகேசரி' என்று பெயர்; அதற்கு ஒத்த அளவுடைய 'ஆடவல்லான்' என்னும் மரக்காலைத் தஞ்சைக் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. நெல் அளக்கும் குடியானவன் அளக்குந்தோறும் அரசனின் பெயரையே உச்சரித்தான். அளவு குறையாதிருந்தவரை அப்பெயருக்கும் மதிப்புக் குறையவில்லை.

இரண்டாம் கேள்விதான் நம்மை அதிகம் சிந்திக்க வைத்தது. முத்திரை என்பது நம் மரபுக்கு அயலானதா? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அயல்நாட்டு மன்னர்களுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரையில்லாத கடிதத்தை ரோமர்கள் படிக்கமாட்டார்கள் என்று சொல்லப்பட்டது. உடனே வெள்ளியில் ஒரு மோதிரம் செய்துகொண்டார்கள். 'முஹம்மத்', 'ரசூல்', 'அல்லாஹ்' என மூன்று வரிகள் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. அதே வாசகத்தை வேறெவரும் தம் மோதிரத்தில் பொறிக்கலாகாது என்றும் தடுத்தார்கள். அனஸ் (ரலி) அவர்கள் வழியாக இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. வணிகச் சின்னத்தைப் பிறர் பயன்படுத்தலாகாது என்று இன்றைய சட்டம் சொல்வதன் கருத்து இங்கேயே இருக்கிறது. அம்மோதிரம் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகியோரிடமிருந்து உஸ்மான் (ரலி) அவர்களிடம் வந்து, அரீஸ் கிணற்றில் விழுந்தது. மூன்று நாட்கள் தேடி, கிணற்று நீரை இறைத்தும் கிடைக்கவில்லை.

காசின் வரலாறு இன்னும் சுவையானது. மக்களின் கை பழகிய காசை மாற்றுவது எளிதன்று. நின்ற உருவமும் அமர்ந்த உருவமும் கொண்ட இராஜராஜனின் காசு ஈழத்தில் வழங்கியது. கி.பி. 1070இல் முதலாம் விஜயபாகு சோழரை அங்கிருந்து வெளியேற்றினான். ஆயினும் பின்வந்த ஈழ மன்னர்கள் அதே வடிவில்தான் காசு அடித்தார்கள். ஆட்சி போயிற்று, அச்சு போகவில்லை. இஸ்லாமிய ஆட்சியின் தொடக்கத்திலும் இதே நிலைதான். ரோமானிய, பாரசீகக் காசுகளின் வடிவங்களே சிறு மாற்றங்களுடன் புழங்கின. படிகளின்மேல் நின்ற சிலுவையின் குறுக்குக் கையை நீக்கி வெறுங்கம்பமாக ஆக்கிய காசுகளும் உண்டு. கலீஃபா அப்துல் மலிக் (ஹிஜ்ரி 65-86) ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696-97) இதை முற்றாக மாற்றினார். உருவமே இல்லாத, சொற்கள் மட்டுமே கொண்ட தீனார் வெளிவந்தது. ஏகத்துவ வாசகம், இறைவேத வசனங்களின் பகுதிகள், அடித்த ஆண்டு: அவ்வளவே. எடை ஏறத்தாழ 4.25 கிராம். சோழர் பிறர் சின்னங்களைத் தம் முத்திரைக்குள் சேர்த்துக்கொண்டார்கள்; அப்துல் மலிக் பிறர் சின்னங்களை அறவே நீக்கினார். இரண்டும் ஆட்சியின் அறிவிப்பே.

சொல் பொறித்ததனால் மட்டும் சொல் மெய்யாகிவிடாது என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. 14ஆம் நூற்றாண்டில் மதுரையில் மஅபர் சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாஹ், தம் காசில் 'ஏழைகள், வறியோரின் தந்தை' என்ற பொருளில் அரபு வாசகம் பொறித்தார். கங்கையையும் கடாரத்தையும் கொண்டதாகச் சொல்லிக்கொள்வதைவிட இது எத்துணை உயர்ந்த விருது! ஆனால் அவருக்குப் பின் அரியணையேறிய கியாஸுத்தீன் தாமகானி, சிறைப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையை அங்கே நேரில் இருந்த இப்னு பதூதா எழுதி வைத்திருக்கிறார். அஹ்ஸன் ஷாஹின் மகளை மணந்தவரான அவர், இதனாலேயே அல்லாஹ் அம்மன்னனின் மரணத்தை விரைவுபடுத்தினான் என்றும் கண்டித்துள்ளார். நம்மவர் என்பதற்காக இதை மறைத்துவிட்டுச் சோழரின் போர்க்கொடுமைகளை மட்டும் பேசுவது நேர்மையன்று.

இனி, லைடன் செப்பேடுகள் எனப் பெயர்பெற்ற ஆவணத்திற்கு வருவோம். 21 ஏடுகள் கொண்ட பெரிய லைடன் செப்பேடு அது. ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய பௌத்த விகாரையான சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை இராஜராஜன் வழங்கினான். அவன் மறைந்தபின், தந்தை வாயால் வழங்கியதை மகன் இராஜேந்திரன் செப்பேட்டில் பொறித்துத் தன் புலி முத்திரையிட்டு நிலைப்படுத்தினான். சைவ மன்னன், பௌத்தப் பள்ளி, அயல்நாட்டுக் கொடையாளர். கி.பி. 1025இல் அதே ஸ்ரீவிஜயத்தின் மீது அதே இராஜேந்திரன் கப்பற்படை அனுப்பினான். இவ்வளவு நடந்த பிறகும், கி.பி. 1090இல் முதலாம் குலோத்துங்கன் அவ்விகாரைக்குரிய நிலத்தின் வரிவிலக்கை உறுதிசெய்து மற்றொரு செப்பேடு வழங்கினான். போரைக் கடந்தும் முத்திரையின் வாக்கு செல்லுபடியாயிற்று. அந்த மாணவரிடம் நாம் சொல்ல விரும்பியது இதைத்தான்: முத்திரையில் புலி இருந்தது என்பதைவிட, அம்முத்திரையை நம்பி வேற்று மதத்தார் ஓர் ஊரின் வருவாயை நுகர முடிந்தது என்பதையே நாம் படிக்க வேண்டும். இம்மண்ணில் வாழும் நமக்கும் அது உரிய பாடமே.

2025 ஜூலையில் இராஜேந்திரன் நினைவாக ஒரு நாணயம் கங்கைகொண்ட சோழபுரத்தில் வெளியிடப்பட்டது. இந்திய நாணயம் ஆதலால் அதிலும் அசோகரின் சிங்க முகப்பே அரசின் சின்னம். சோழ அரண்மனையோ மண்ணுக்குள். கோயிலின் சுற்றுச்சுவர்க் கற்களையும் 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டுவதற்குப் பெயர்த்தெடுத்துச் சென்றுவிட்டார்கள். இராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் என்னும் பேரேரி, பொன்னேரி என்ற பெயரில் ஊருக்கு அருகே கிடக்கிறது. கங்கை வெற்றியின் நினைவாக அவன் எழுப்பியது கல்தூண் அன்று, நீராலான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதைக் குறிப்பிடுகிறது. அதன் கரை ஏறத்தாழ 16 மைல் நீண்டிருந்தது. அன்று மாளிகைமேட்டிலிருந்து திரும்பும் வழியில் அக்கரையின் மீது வண்டியை நிறுத்தினோம். ஏரியின் உட்பரப்பில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. லப்பைக்குடிகாட்டு மாணவர் கரையின் நீளத்தைக் கண்ணால் அளந்துவிட்டு, இதில் நீர் நின்றால் எத்தனை ஊர் பாயும் என்று கேட்டார்.