யவனர் தேறலும் கலவைக் கலையும்



புறநானூற்றின் 56ஆம் பாடலைக் கற்பிக்கும்பொழுதும் மேடையில் எடுத்துக்காட்டும்பொழுதும் நம்மில் பலர் ஓரிடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறோம். நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் அப்பாடலில், யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள மதுவைப் பொற்கிண்ணத்தில் மகளிர் ஏந்தித் தர, மன்னன் மகிழ்ந்து வாழவேண்டும் என்கிறார். பிள்ளைகளுக்கு முன்னால் மதுவைப் பற்றிப் பேசுவதா என்பது நம் தயக்கம். குடியால் நம் தோட்ட மக்கள் பட்ட பாட்டை அறிந்த எவரும் இத்தயக்கத்தைக் குறைகூற மாட்டார். ஆயினும் அந்த மது எது, ஏன் கடல் கடந்து வந்தது என்று கேட்டால் நல்லதொரு வரலாற்றுப் பாடம் கிடைக்கிறது.

அது கொடிமுந்திரி மது. கொடிமுந்திரி என்றால் திராட்சைதான். நம் பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சையும் பெரும்பாலும் வெள்ளைத் திராட்சை வகையைச் சேர்ந்ததே. சங்கத் தமிழரின் சொந்த மது வகைகள் பனை, தென்னை, நெல், தேன் ஆகியவற்றிலிருந்து வந்தவை. மூங்கிற் குழாயில் இட்டு முதிரவைத்த தேறலை மலைபடுகடாம் குறிப்பிடுகிறது. திராட்சை மதுவோ இறக்குமதிச் சரக்கு. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய 'எரித்திரேயக் கடற்பயணம்' என்னும் நூல், முசிறித் துறைக்கு வந்த பொருள்களில் மதுவையும் சேர்க்கிறது; அளவு மிகுதியில்லை என்றும் சொல்கிறது. அரண்மனைக்கும் செல்வர் மனைக்கும் மட்டுமே எட்டிய பொருள் அது என்று கொள்ளலாம்.

மண்ணுக்குள்ளும் சான்று உண்டு. புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டைப் பற்றி முதலில் எழுதியவர்களுள் ஒருவர் லெ ழாந்தீல் என்னும் பிரெஞ்சு வானியலாளர். 1769இல் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடப்பதைக் காண வந்தவர் அவர். (அன்று மேகம் மறைத்துவிட்டதால் வந்த வேலை நடக்கவில்லை, பாவம்!) பின்னர் 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அங்கே அகழாய்வு நடத்தினர். இரண்டு கைப்பிடியும் கூம்பிய அடியும் கொண்ட மதுச் சாடிகளின் உடைசல்கள் அங்குக் கிடைத்துள்ளன. அவற்றுள் ஏகக் கடலிலுள்ள கோசுத் தீவின் வகையைச் சேர்ந்த சாடிகளும் உண்டு.

கோசுத் தீவின் மதுவுக்கு ஒரு தனித்தன்மை இருந்தது. அதில் கடல்நீர் கலப்பார்கள்! கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியர் கேட்டோ, இத்தாலியத் திராட்சையைக் கொண்டே கோசு மதுவைப் போலச் செய்வதற்கு, கடல்நீர் சேர்க்கும் முறையைத் தம் வேளாண் நூலில் விளக்கியிருக்கிறார். சாடியின் உட்புறத்தில் ஊசியிலை மரப்பிசினையும் பூசினார்கள். உப்பும் பிசினும் மது விரைவில் புளித்துக் கெடாமல் காத்தன. எகிப்தின் செங்கடல் துறையில் கப்பலேறி, பருவக்காற்றைப் பிடித்து, தமிழகக் கரை சேரும்வரை ஒரு பானம் தாங்கவேண்டுமே! கலவைக் கலையின் தொடக்கங்களுள் ஒன்று இந்தத் தேவை. சுவை நுட்பமெல்லாம் அதன்மேல் வளர்ந்தது என்பது என் கருத்து.

அந்நுட்பத்தைப் பிற்காலத்தில் பெரிதும் வளர்த்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். போர்தோ வட்டாரத்தின் வெள்ளை மதுவில் இரண்டு வெள்ளைத் திராட்சைகள் முதன்மையானவை. செமியோன் என்பது திண்மையும் மென்மையும் தருவது. சோவிஞோன் பிளாங் என்பது புளிப்பும் மணமும் தருவது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். பெரும்பாலும் ஒவ்வொன்றையும் தனித்தனியே நொதிக்கவைத்து, சுவைத்துப் பார்த்து, பிறகே அளவறிந்து சேர்ப்பார்கள். சாம்பெயின் வட்டாரத்தில் இன்னும் வியப்பு: சார்தொனே என்னும் வெள்ளைத் திராட்சையோடு பினோ நுவார், மெனியே என்னும் இரண்டு கருந்திராட்சைகளையும் சேர்த்து வெளிர் மதுவைச் செய்கிறார்கள். கருமை தோலில்தான் உள்ளது; சாறு நிறமற்றது. மெதுவாகப் பிழிந்தால் நிறம் இறங்காது. மேலும், நல்ல ஆண்டுகளின் மதுவைச் சேமித்துவைத்து, மழை கெடுத்த ஆண்டின் மதுவோடு கலந்து ஈடுசெய்வதும் அங்கு வழக்கம். 1668 முதல் 1715 வரை ஓவில்லே மடத்தில் பணியாற்றிய தொம் பெரிஞோன் என்னும் துறவியே நுரைமதுவைக் கண்டுபிடித்தார் என்பது கட்டுக்கதை. வெவ்வேறு தோட்டத்துப் பழங்களைத் தேர்ந்து கலப்பதில்தான் அவர் வல்லவர்.

இப்படிக் கலப்பதற்கெல்லாம் பானம் ஆண்டுக்கணக்கில் கெடாதிருக்கவேண்டும். நம் தென்னங்கள்ளுக்கு அந்தப் பேறு இல்லை. காலையில் இறக்கியது மாலைக்குள் கடுமையேறிவிடும்; ஓரிரு நாளில் காடியாகப் புளிக்கும். வைத்திருந்து கலக்கவோ தொலைவுக்கு அனுப்பி விற்கவோ இயலாது. இறக்கிய இடத்தருகே, அன்றே விற்று, அன்றே குடித்துத் தீர்க்கவேண்டும். மலாயாத் தோட்டங்களில் லயத்து வீடுகளுக்கு அருகிலேயே கள்ளுக்கடை முளைத்ததற்கு இவ்வியல்பும் ஒரு காரணம். ஆனால் முதன்மைக் காரணம் வேறு. உழைப்பாளி வாங்கிய கூலி கள்ளுக்கடை வழியே திரும்பிச் சென்றது. அரசுக்கும் வரி வருவாய் கிடைத்தது. பாண்டியனுக்குக் கப்பல் கொண்டுவந்த தேறல் அவன் செல்வத்தைக் காட்டிற்று. தோட்டத்துக் கள் தொழிலாளியின் பணப்பையை வெறுமையாக்கிற்று.

இதை எதிர்த்தவர்கள் நம் கிள்ளான் வட்டாரத்துத் தொழிலாளர்கள். 1941இல் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழிகாட்டலில் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், துரைமார் எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்ற கோரிக்கைகளோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதையும் அவர்கள் வைத்தனர். அந்த மே மாதத்தில் நாதன் கைதானார். சிலாங்கூரில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். நாதன் நாடுகடத்தப்பட்டார்.

கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் பகுதிப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் அரிக்கமேட்டுச் சாடியின் படத்தையும் பழைய தோட்டத்துக் கள்ளுக்கடையின் படத்தையும் அருகருகே வைத்து, இதை யார் விற்றார், யார் வாங்கினார், பணம் எங்கே போயிற்று என்று மாணவரைக் கேட்டுப் பார்க்கலாம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளால் விடைகூற இயலும்.