170 மில்லிமீட்டருக்கு ஒரு வரி

ரிமோட் கார் ரேஸ் விடுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பாட்டரியை மாட்டி, ஓடப்போகிற முழு எடையோடு வண்டியை மேசையில் வைத்து, ஒருமுறை லேசாக அமுக்கி விட்டு, அப்புறம்தான் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி என்று பார்ப்பார்கள். வழவழப்பான டிராக் என்றால் 5 மி.மீ. போதும். மண்தரை என்றால் 20-க்கு மேல் வேண்டும். ஷாக் அப்சார்பரில் மரை வெட்டிய வளையம் ஒன்று இருக்கும். அதை ஒரு பக்கம் திருகினால் வண்டி உயரும், மறுபக்கம் திருகினால் இறங்கும். பாட்டரி இல்லாமல் அளந்தால் அந்தக் கணக்கு செல்லாது.

இதே விஷயம் நிஜக் கார்களில் பத்து வருஷத்துக்கு மேல் வரித் தகராறாக ஓடியது என்றால் நம்ப முடிகிறதா?

2013 பிப்ரவரி 28. நிதியமைச்சர் ப. சிதம்பரம் பட்ஜெட்டில் எஸ்.யூ.வி.களுக்கான கலால் வரியை 27 சதவீதத்திலிருந்து 30 ஆக்கினார். இவை சாலையிலும் பார்க்கிங்கிலும் அதிக இடம் பிடிக்கின்றன, அதனால் அதிக வரி கட்டட்டும் என்பது காரணம். டாக்ஸியாகப் பதிவானவைக்கு விலக்கு. சரி, எது எஸ்.யூ.வி.? நீளம் 4000 மி.மீ.க்கு மேல், இன்ஜின் 1500 சி.சி.க்கு மேல், தரை இடைவெளி 170 மி.மீ. அல்லது அதற்கு மேல். மூன்றும் சேர்ந்தால் எஸ்.யூ.வி.

மூன்றாவதுதான் வேடிக்கை. பார்க்கிங்கில் இடம் பிடிப்பது நீளமும் அகலமும். வண்டிக்கு அடியில் இருக்கும் காற்று யார் இடத்தைப் பிடிக்கிறது? சிவகிரி பக்கம் கரும்பு வயலுக்குப் போகும் மண்பாதையில் அந்த இடைவெளி ஆடம்பரம் இல்லை, அடி தட்டாமல் வீடு திரும்புவதற்கான வழி. சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

நீளத்தைக் குறைக்க வேண்டுமென்றால் காரையே புதிதாக வடிவமைக்க வேண்டும். இன்ஜினைச் சின்னதாக்கவும் பெரிய செலவு. உயரம் அப்படியா? ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறக்கலாம், இல்லை அடியில் இன்னும் தாழ்வாக ஒரு பாகத்தைப் பொருத்தினாலே இடைவெளி குறைந்துவிடும். மஹிந்திரா அதே வருஷம் எக்ஸ்யூவி 500-இன் தரை இடைவெளியை 160 மி.மீ.க்கு இறக்கியது. வரி வரம்புக்குக் கீழே வந்தாயிற்று! இதை ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது. கோடு போட்டது அரசு, கம்பெனி கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டது, அவ்வளவுதான் :)

2014 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் வரி 24 ஆக இறங்கியது, 2015 ஜனவரியில் பழையபடி 30. பிறகு 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. வரிகள் மாறின, 170 மட்டும் மாறவில்லை. அந்த செப்டம்பருக்குப் பிறகு 28 சதவீத ஜி.எஸ்.டி.க்கு மேல் எஸ்.யூ.வி.க்கு 22 சதவீத செஸ், மற்ற பெரிய கார்களுக்கு 20. வித்தியாசம் 2 சதவீதம்தான். ஆனால் 15 லட்ச ரூபாய் மதிப்புள்ள வண்டியில் அது 30,000 ரூபாய்.

அப்போதும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. எப்போது அளப்பது? காலி வண்டி நிமிர்ந்து நிற்கும். ஐந்து பேர் ஏறி, டிக்கியில் பெட்டி வைத்தால் அதே வண்டி அமுங்கும். காலியாக இருக்கும்போது 175 காட்டுகிற கார், ஆள் ஏறியதும் 170-க்குக் கீழே போகலாம். ஒரே கார், இரண்டு வரி!

2023 ஜூலை 11-இல் ஜி.எஸ்.டி. கவுன்சிலின் 50-ஆவது கூட்டம் இதைத் தீர்த்தது. பாரம் ஏற்றாத நிலையில் அளப்பதுதான் கணக்கு. பெயர் எதுவாக இருந்தாலும், மூன்று அளவும் பொருந்துகிற யுடிலிட்டி வண்டிகள் எல்லாம் 22 சதவீதத்துக்குள் வரும். செடான் கார்களைச் சேர்ப்பதற்குத் தமிழ்நாடும் பஞ்சாபும் எதிர்ப்புத் தெரிவித்தன, அவை தப்பித்தன. ரிமோட் கார் ஆட்கள் ஓடுகிற எடையில் அளக்கிறார்கள். கவுன்சில் ஓடாத எடையில் அளக்கச் சொன்னது. வசூலுக்கு அதுதானே லாபம்?

2025 செப்டம்பர் 22 முதல் செஸ் போய், பெரிய கார்கள் அனைத்துக்கும் ஒரே 40 சதவீதம் ஆனது. இப்போது வண்டியை 160-க்கு இறக்கினாலும் 200-க்கு ஏற்றினாலும் பில்லில் ஒரு பைசா மாறாது.