கல்குவாரி மீட்பு (தென்சென்னை)

கல்குவாரி மீட்பு என்பது பாறை வெட்டியபின் கைவிடப்பட்ட பள்ளங்களைப் பாதுகாப்பான, பயன்தரும் நிலமாக மாற்றும் பணி. தென்சென்னையில், பள்ளிக்கரணைக்கு மேற்கே உள்ள பல்லாவரம், திரிசூலம் குன்றுகளில் சார்னோக்கைட் பாறை வெட்டப்பட்டது.

முறைகள்: நீர்த்தேக்கமாக்கல், வாழிடமாக்கல், மண் நிரப்பி மரம் நடுதல். குப்பையால் நிரப்பினால் பாறை வெடிப்புகள் வழியே நிலத்தடி நீர் மாசுபடும். செங்குத்துச் சுவர்களும் ஆழமும் உயிரிழப்புக்குக் காரணமாவதால் வேலியும் சரிவமைப்பும் தேவை.

எடுத்துக்காட்டுகள்: மாங்காடு அருகேயுள்ள சிக்கராயபுரம் குவாரிகளின் நீர் 2017, 2019 வறட்சிகளில் செம்பரம்பாக்கத்தில் சுத்திகரிக்கப்பட்டுச் சென்னைக்கு வழங்கப்பட்டது. நன்மங்கலம் காப்புக்காட்டின் பழைய குவாரி, நீர்நிலையாகவும் கொம்பன் ஆந்தையின் வாழிடமாகவும் மாறியது.

முக்கியத்துவம்: மீட்கப்பட்ட குவாரிப் பள்ளங்கள் மழைநீரைத் தேக்கிக் குடிநீர்ப் பற்றாக்குறைக் காலத்தில் உதவுகின்றன.