ரெண்டு ஆள் வேணும்

ரவுடியும் இன்ஸ்பெக்டரும் ஒரே மேசையில் உட்கார்ந்து மாமூலைப் பங்கு பிரிக்கிற படம் என்றால் நம்ம சனங்களுக்குக் கொண்டாட்டம்தான். கொட்டகை அதிரும். திருடன் போலீஸுக்கு யோசனை சொல்லுவான், போலீஸ் திருடனுக்கு வழிகாட்டும், நடுவில் ஒரு பிணம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நானும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். எங்க தாத்தா மட்டும் சிரிக்கமாட்டார். டிவியில் அப்படி ஒரு காட்சி வந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார்.

அவர் தலையாரி வேலை பார்த்தவர். ஊரில் பெரிய வீட்டில் நகை காணோம் என்றால் ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும். யார் எடுத்தது என்ற கேள்வியே கிடையாதாம். "பொழுது விடியறதுக்குள்ள ரெண்டு ஆளு வேணும்." அவ்வளவுதான் உத்தரவு.

"எங்கேர்ந்து தாத்தா கூட்டிட்டுப் போவீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "ஊருக்குள்ள கை வைக்க முடியுமா? ஏரிக்கரையில கூடை முடையறவங்க இருப்பாங்க."

ஸ்டேஷனிலிருந்து அந்த ஏரிக்கரைக்குப் போகிற வழியை யார் போட்டது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

தமிழ் படித்தவர்களுக்கு முதல் பொய்க்கேஸ் எது என்று தெரியும். அரசியின் சிலம்பைத் திருடியவன் அரண்மனைப் பொற்கொல்லன். பிடிபட்டவன் கோவலன். கொலைக்களக் காதையைத் திரும்பப் படித்துப் பாருங்கள். கொல்ல வந்த காவலர்கள் முதலில் தயங்குகிறார்கள். இவன் முகத்தைப் பார்த்தால் கள்ளன் மாதிரி இல்லையே என்கிறார்கள். உடனே உண்மைத் திருடன் களவு நூலை எடுத்து விடுகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று எட்டு வகை சொல்லி, கள்ளர் எப்படிப்பட்டவர்கள் என்று காவலர்களுக்கே பாடம் நடத்துகிறான். திருடன் ஆசிரியர், போலீஸ் மாணவர். இதைவிட இருண்ட நகைச்சுவையை எந்தச் சினிமாக்காரன் எடுத்துவிட முடியும்?

ஆனால் அந்தத் தயக்கம் இருக்கிறதே, அது வணிகன் மகனுக்குக் கிடைத்த தயக்கம். ஏரிக்கரையில் இருந்தவர்களுக்கு அந்த ஒரு நொடிகூடக் கிடைத்ததில்லை.

வெள்ளைக்காரன் ஆட்சிக்கு வருவோம். 1850களில் சென்னை மாகாணத்தில் வரி வசூலிப்பதும் திருடனைப் பிடிப்பதும் பெரும்பாலும் ஒரே ஆட்கள் கையில் இருந்தன. வரிப்பாக்கி வைத்தவனுக்கும் திருட்டுச் சந்தேகத்தில் சிக்கியவனுக்கும் கிடைத்த மரியாதையும் ஒன்றுதான்: விரல்களைக் கட்டைக்கு நடுவில் வைத்து நசுக்குகிற கிட்டி, குனிய வைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டுவது, கண்ணில் மிளகாய்த்தூள். சென்னையில் கஜுலு லட்சுமிநரசு செட்டி போன்றவர்கள் கூப்பாடு போட்டு, அது லண்டன் நாடாளுமன்றம் வரை போய், 1855இல் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. கொடுமை நடக்கிறது என்று அந்த அறிக்கை ஒப்புக்கொண்டது. பழியைப் பெரும்பாலும் உள்ளூர்ச் சிப்பந்திகள் தலையில் இறக்கிவிட்டது. அவர்கள் வசூலித்த பணம் எந்தக் கஜானாவுக்குப் போனது என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும்.

1859இல் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. 1872இல் சாட்சியச் சட்டம் வந்தது. அதன் 25ஆம் பிரிவை நம்ம பிள்ளைகள் ஒவ்வொருத்தரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்கிறது அது. அதாவது போலீஸை உண்டாக்கிய அரசே போலீஸை நம்பவில்லை. ஆனால் பின்னாலேயே 27ஆம் பிரிவு நிற்கிறது. பிடிபட்டவன் சொல்லி ஒரு பொருள் கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராகச் சம்பந்தப்பட்ட பேச்சு மட்டும் செல்லும். முன்வாசலை அடைத்துக் கொல்லைப்புறத்தைத் திறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஸ்டேஷனில் 'ரெக்கவரி' என்ற சொல்லுக்கு ஒரு தனி மவுசு. நகை எங்கிருந்து வந்தால் என்ன, அவன் சொல்லித்தான் வந்தது என்று எழுதிவிட்டால் முடிந்தது வேலை. 2024 ஜூலை முதல் சட்டத்துக்குப் புதுப்பேர் வந்து, இந்தப் பிரிவுகள் எல்லாம் 23ஆம் பிரிவுக்குள் போயிருக்கின்றன. கொல்லைப்புறம் மட்டும் திறந்தபடியே இருக்கிறது.

பொருளைத் திருப்பித் தருவதே ஒரு தொழிலாக இருந்த கதையும் நம்மிடம் உண்டு. மதுரை, திருநெல்வேலிப் பக்கம் ஊர்க்காவல் முறை இருந்தது. காவல்காரருக்கு ஊர் கூலி கொடுக்கணும். கொடுக்கலேன்னா மாடு காணாமப் போகும். மாடு போன இடத்துக்குத் துப்புச் சொல்ல இன்னொரு கூலி. அதற்குத் துப்புக்கூலி என்று பேர். காணாமல் போக்குகிறவரும் கண்டுபிடிக்கிறவரும் பல நேரம் ஒரே வட்டம்தான். வெள்ளைக்கார அதிகாரிகள் இதைச் சாதிக்குணம் என்று எழுதி வைத்தார்கள். சாதிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? காவல் என்ற அதிகாரம் எவன் கைக்குப் போனாலும் முளைக்கிற வியாபாரம் இது. காக்கி போட்டவனிடமும் அதுவே முளைத்தது. 1902இல் ஃபிரேசர் தலைமையில் அமைத்த போலீஸ் கமிஷனே, போலீஸ் ஊழல் மிக்கது, மக்களை ஒடுக்குவது என்றுதான் சொன்னது. ஆனால் பரம்பரைக் குற்றவாளி என்று எந்தப் போலீஸ்காரர் வம்சத்தையும் யாரும் பதிவு செய்யவில்லை.

பதிவு செய்யப்பட்டவர்கள் வேறு. 1892இல் முல்லாலி என்ற போலீஸ் அதிகாரி சென்னை மாகாணத்துக் குற்ற வகுப்புகள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். எந்தச் சாதி எப்படித் திருடும், எப்படி வேஷம் போடும் என்று போலீஸுக்குப் பாடம். பொற்கொல்லன் சொன்ன களவு நூல்தான் இங்கிலீஷில் அச்சேறியது. 1871இல் வடக்கே கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் இங்கேயும் பாய்ந்தது. கைரேகை வை, ஊரை விட்டுப் போனால் சொல்லிவிட்டுப் போ, ராத்திரி ஸ்டேஷனில் வந்து படு. குறவர் பலரைச் சால்வேஷன் ஆர்மி நடத்திய குடியிருப்புகளில் அடைத்து வேலை வாங்கினார்கள். ரேகை வைக்கமாட்டோம் என்று பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர் எதிர்த்து நின்றபோது, 1920 ஏப்ரல் 3இல் சுட்டார்கள். ஒரு பெண் உட்பட 16 பேர் செத்தார்கள்.

1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது. மறு வருஷமே வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்று இன்னொன்று வந்தது. பேர் மாறிச்சு, பேரேடு மாறல.

மாறவில்லை என்பதற்கு 1993 மார்ச் சாட்சி. அன்றைய தென்னார்க்காடு மாவட்டம், முதனை. நகைத் திருட்டு என்று சொல்லிக் குறவர் சமூகத்து ராஜாக்கண்ணுவைப் பிடித்துப் போனார்கள். குடும்பத்தையும் அடித்தார்கள். அப்புறம் அவர் தப்பி ஓடிவிட்டார் என்றார்கள். செத்தவரைத் தேடிப் போலீஸ் அலைகிற காட்சியைச் சினிமாவில் வைத்தால் கைதட்டல் பறக்கும். இங்கே ஒரு பெண் உயர்நீதிமன்றம் வரை நடந்தார், ஆளைக் கொண்டுவந்து காட்டு என்று. பின்னாளில் நீதிபதியான சந்துரு அவருக்காக வாதாடினார். பக்கத்து மாவட்டத்தில் அடையாளம் தெரியாத பிணமாகப் போனவர்தான் ராஜாக்கண்ணு என்று வெளியே வந்தது. காவலர்களுக்குத் தண்டனை கிடைக்க 2006 ஆயிற்று. 2021இல் இந்த வழக்கை வைத்து 'ஜெய்பீம்' படம் வந்தது. அதில் அவர் இருளராக்கப்பட்டார். பிடிக்கும்போது சாதி பார்த்துப் பிடித்தார்கள், கதை சொல்லும்போது சாதி மாறிப்போச்சு.

2024 அக்டோபரில் உச்சநீதிமன்றம், சிறைப் பதிவேட்டில் சாதி எழுதும் கட்டத்தை எடுக்கச் சொன்னது. சீர்மரபினரைக் கண்டபடி கைது செய்யக்கூடாது என்றும் போலீஸுக்குச் சொன்னது. நல்லது. அந்தத் தீர்ப்பை ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் தமிழில் எழுதி ஒட்டட்டும் என்று நாம் கேட்க வேண்டும். அதோடு நமக்குள்ளும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். சேரிக்கு மேலே ஊர் இருக்கிறது என்று பேசுகிறோம், சரி. சேரிக்கு அந்தாண்டை ஏரிக்கரை இருந்ததே, அங்கே கை காட்டியது யார்?

தாத்தா சாகும் முன்பு மிச்சத்தைச் சொன்னார். அந்த ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனது அவர்தான். மூணாம் நாள் காணாமல் போன சங்கிலி அந்த வீட்டுக் குதிருக்குள்ளேயே கிடந்திருக்கிறது. ஆனால் அதற்குள் ஸ்டேஷனில் ஒரு சங்கிலி 'ரெக்கவரி' ஆகிவிட்டது. ஒரு சங்கிலி ரெண்டு சங்கிலி ஆச்சு. வீட்டுக்காரரை வாயை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். கேஸ் நடந்தது. ஒருத்தர் திரும்பி வந்தபோது வலது கை விரல்கள் மடங்கவில்லையாம். அப்புறம் கூடை முடையவே இல்லை.

"அவங்க பேரு என்ன தாத்தா?" என்றேன்.

"தெரியாதுப்பா. ரெண்டு ஆளுன்னுதான் கேட்டாங்க. நானும் பேரு கேக்கல."