மாட்டுப் பண்ணையிலிருந்து மந்திரி சபைக்கு: சர் ஜான் ஓஷானசி

கடல் கடந்து குடியேறிய நாட்டில் பிழைப்புத் தேடியவர்கள் பலர்; அந்நாட்டை ஆளும் நிலைக்கு உயர்ந்தவர்கள் மிகச் சிலரே. அச்சிலரில் ஒருவர், ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் மும்முறை முதலமைச்சராய் விளங்கிய கத்தோலிக்கர் ஜான் ஓஷானசி. நம் பங்கு மக்கள் பலர் இப்பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் பங்குப் பள்ளிக்கூடத்தில் எழுத்தறிந்த எவருக்கும் இவர் வரலாறு அந்நியமானதன்று.

அயர்லாந்தின் திப்பரேரி மாவட்டத்தில் 1818-ஆம் ஆண்டு பிறந்த இவர், சிறு வயதிலேயே தந்தையை இழந்து, துணிக்கடையில் வேலை பழகினார். 1839-இல் மணம் முடித்து, இளம் மனைவியுடன் கப்பலேறினார். எண்ணமெல்லாம் சிட்னி நகரின்மேல். ஆனால் அவ்வாண்டு நவம்பரில் மெல்போர்னில் இறங்கியபோது, அங்கிருந்த பிரான்சிஸ்கன் சபைக் குருவானவர் ஜெகன் சுவாமி, 'இங்கேயே தங்கிவிடுங்கள்' என்று வற்புறுத்தினார். மெல்போர்ன் அன்று நான்கே வயதுக் குடியிருப்பு. ஜெகன் சுவாமியும் அவ்வாண்டு மே மாதந்தான் வந்திருந்தார். கட்டி முடியாத ஒரு கிடங்கில் பெந்தெகொஸ்தே திருநாளன்று முதல் திருப்பலி நிறைவேற்றியிருந்தார். அவருடைய சொல்லைத் தட்டாமல் தம்பதியர் தங்கினர். ஒரு குருவின் சொல்லால் ஒரு நாட்டின் சரித்திரமே திரும்பியது என்றால் மிகையாகாது.

கையிலிருந்த சொற்பப் பணத்தை வெஸ்டர்ன்போர்ட் பகுதியில் ஒரு சிறு மாட்டுப் பண்ணையில் போட்டார். மழை பொய்த்தது, அனுபவமும் போதவில்லை. சில ஆண்டுகளில் பண்ணை கைவிட்டுப் போயிற்று. மீண்டும் நகருக்கு வந்து, பழகிய தொழிலான துணிக்கடையைத் திறந்தார். கடை செழித்தது. 1846-இல் நகரசபை உறுப்பினர். 1851-இல் விக்டோரியா தனிக் குடியேற்ற நாடாகப் பிரிந்ததும் அதன் முதல் சட்டசபையில் மெல்போர்ன் நகரின் பிரதிநிதி. அவ்வாண்டே தங்கம் கிடைத்தது. உலகமே அங்கே ஓடிவந்தது.

தங்கம் தோண்டுவோர்மீது அரசு சுமத்திய உரிமக் கட்டணம் கடும் வெறுப்பை வளர்த்தது. 1854 டிசம்பர் 3-ஆம் நாள் ஞாயிறு விடியலில் பல்லாரத்து நகரின் யுரேக்காவில் படையினர் சுட, தொழிலாளர் பலர் மாண்டனர். தங்க வயல்களை ஆராய நியமிக்கப்பட்ட குழுவில் ஓஷானசியும் ஒருவர். உரிமக் கட்டணத்தை ஒழித்து, ஆண்டுக்கு ஒரு பவுன் கட்டினால் வாக்குரிமையும் தரும் சீட்டு வழங்கப் பரிந்துரைத்தது அக்குழுவே. 1855-இல் அது சட்டமாயிற்று.

1857 மார்ச்சில் முதலமைச்சரானார். அமைச்சரவை ஏழே வாரம் நின்றது. மக்களில் கத்தோலிக்கர் சிறுபான்மையினரே. ஐரிஷ்காரர், அதிலும் கத்தோலிக்கர் ஆளுவதைப் பலர் சந்தேகக் கண்ணோடு பார்த்தனர். ஆயினும் 1858-லும் 1861-லும் மீண்டும் பதவிக்கு வந்தார். மூன்றாம் அமைச்சரவையில் நில அமைச்சர், அவரைப் போலவே ஐரிஷ் கத்தோலிக்கரான சார்ல்ஸ் கவன் டஃபி. ஏழைக் குடியானவனும் 40 முதல் 640 ஏக்கர் வரை, ஏக்கர் ஒரு பவுன் விலையில் நிலம் பெறலாம் என்று 1862-இல் சட்டம் வந்தது. நல்ல எண்ணந்தான். ஆனால் பெரும் மந்தைக்காரர்கள் பினாமி ஆட்களை நிறுத்தி நிலத்தை வளைத்துக்கொண்டார்கள். பினாமி என்பது நம் ஊர்ச் சரக்கு மட்டுமன்று! வறட்சியில் பண்ணை இழந்த ஓஷானசியும் பின்னாளில் மரே ஆற்றுப் பக்கம் பெரும் மந்தை நிலத்துக்கு உரிமையாளரானார். பணக்காரர் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று பழைய நண்பர்களே பேசினர். அதை மறைத்து எழுதுவது சரித்திரமாகாது.

ஆனால் ஒரு காரியத்தில் அவர் அசையவில்லை. 1872-இல் விக்டோரியா அரசு, கல்வி இலவசம், கட்டாயம், மதச்சார்பற்றது என்று சட்டம் இயற்றியது. இலவசமும் கட்டாயமும் போற்றத்தக்கவையே. ஆனால் அதே சட்டத்தால், 1874 முதல் கோயில் பள்ளிக்கூடங்களுக்கு அரசுப் பணம் அறவே நின்றது. கத்தோலிக்கத் தொழிலாளி வரியும் கட்டவேண்டும், தன் பிள்ளையின் பள்ளிக்குத் தனியே காசும் கொடுக்கவேண்டும். இது இரட்டை வரியல்லவா என்பதே வழக்கு. 1877-இல் மீண்டும் சட்டசபைக்கு வந்த ஓஷானசி, இவ்வழக்கைத் தம் இறுதிப் போராட்டமாக்கிக் கொண்டார். பலிக்கவில்லை. இதற்கிடையே பங்கு மக்களின் காணிக்கையாலும் கன்னியரின் உழைப்பாலும் பள்ளிகள் நடந்தன. 1873-இல் அயர்லாந்திலிருந்து மெல்போர்ன் வந்திறங்கிய பிரசன்டேஷன் சபைக் கன்னியரும் அப்பணியில் இறங்கினர். சென்னைக்கு 1842-லேயே வந்து நம் பெண்மக்களுக்குக் கல்வி தந்ததும் இதே சபைதான்.

பாப்பரசர் அவருக்கு அர்ச். கிரகோரியார் வீரர் பட்டம் அளித்தார். 1874-இல் இங்கிலாந்து அரசி 'சர்' பட்டம் அளித்தார். 1883 தேர்தலில் தோற்ற அவர், அவ்வாண்டு மே மாதம் 5-ஆம் நாள் காலமானார். கத்தோலிக்கப் பள்ளிகளில் விஞ்ஞானக் கூடம் கட்ட ஆஸ்திரேலிய மத்திய அரசு பணம் ஒதுக்கியது 1964-இல். அதற்குள் 1874-இல் நின்ற உதவிக்குத் தொண்ணூறு ஆண்டு ஆகியிருந்தது.