சாமுராய் வீட்டு மளிகைக் கணக்கு

சாமுராய் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? குரோசாவா படம், நீளமான வாள், வயிற்றைக் கிழித்துக்கொள்வது. சரி. ஆனால் அந்த சாமுராய் வீட்டுக்குப் போனதும் அவர் பெண்டாட்டி "அரிசி தீர்ந்து போச்சு, கடன்காரன் வந்துட்டுப் போனான்" என்று சொல்லியிருப்பாளா மாட்டாளா? இதை எந்தப் படத்திலும் காட்ட மாட்டார்கள் (ஒரே ஒரு படத்தைத் தவிர, அதைப் பிறகு சொல்கிறேன்). இந்தக் கட்டுரை அந்த வீட்டுக் கணக்கைப் பற்றித்தான்.

2001-ஆம் வருடம். இசோதா மிச்சிஃபுமி என்ற இளம் வரலாற்று ஆய்வாளர், டோக்கியோவில் கந்தா பகுதியில் உள்ள ஒரு பழைய புத்தகக் கடைக்குப் போகிறார். நம்ம ஊர் மூர் மார்க்கெட் மாதிரி பழைய புத்தகத்துக்குப் பேர் போன இடம் அது. அங்கே ஆரஞ்சுப்பழ அட்டைப்பெட்டி ஒன்றில் ஒரு கட்டுப் பழைய காகிதங்கள். விலை 1,60,000 யென். பிரித்துப் பார்த்தால், காகா நாட்டைச் சேர்ந்த இனொயாமா என்ற சாமுராய் குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கு! 1842-இல் ஆரம்பித்து 1879 வரை, கிட்டத்தட்ட முப்பத்தேழு வருடத்துக்கு. நடுவில் கொஞ்ச காலம் மட்டும் விட்டுப் போயிருக்கிறது. ஷோகுன் ஆட்சி முடிந்து, மெய்ஜி ஆட்சி வந்து, சாமுராய் என்ற ஜாதியே இல்லாமல் போன காலம் முழுக்க ஒரே வீட்டில் என்ன வாங்கினார்கள், யாருக்குக் கொடுத்தார்கள், யாரிடம் கடன் வாங்கினார்கள் என்று எல்லாம் அதில் இருக்கிறது. இசோதா இதை வைத்து 2003-இல் ஒரு சின்னப் புத்தகம் எழுத, அது ஜப்பானில் சக்கைப்போடு போட்டது.

ஏன் இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு எழுதினார்கள் என்று கேட்டால், அதுதான் அவர்கள் தொழில். காகா நாடு அன்றைய ஜப்பானின் பிரபுக்கள் ஆண்ட பகுதிகளிலேயே பெரியது. பத்து லட்சம் கொக்கு அரிசி விளைச்சல் என்று பேர். (ஒரு கொக்கு என்பது ஏறக்குறைய 180 லிட்டர், ஒரு ஆள் ஒரு வருடம் சாப்பிடும் அரிசி என்று கணக்கு.) அதன் தலைநகர் கனசாவா, ஆண்டவர்கள் மயேதா வம்சத்தார். இவ்வளவு பெரிய ராஜ்யத்துக்குக் கணக்குப் பிள்ளைகள் வேண்டாமா? இனொயாமா குடும்பத்தார் பரம்பரையாக அந்தக் கணக்கு இலாகாவில் வேலை பார்த்தவர்கள். இடுப்பில் வாள் இருந்தாலும் சோறு போட்டது மணிச்சட்டம்தான்.

1842-இல் வீட்டில் இரண்டு சம்பளம் வந்தது. அப்பா நொபுயுகி, மகன் நவோயுகி இருவருமே உத்தியோகத்தில். இரண்டும் சேர்த்து வருடத்துக்கு 3,076 மொம்மே வெள்ளி. ஒரு மொம்மே 3.75 கிராம், ஆக சுமார் பதினொன்றரை கிலோ வெள்ளி. இசோதா இதை அன்றைய கூலியோடு ஒப்பிட்டு இன்றைய பணமாக மாற்றிப் பார்க்கிறார். ஒரு கோடியே 23 லட்சம் யென் வருகிறது. ஜப்பானில் அது நல்ல வசதியான குடும்பத்து வருமானம். ஏழைகள் கிடையாது, ஞாபகம் இருக்கட்டும்.

இப்போது கடனைப் பாருங்கள். 6,260 மொம்மே. அதாவது இரண்டு பேர் சம்பளத்தையும் இரண்டு வருடம் அப்படியே எடுத்துக் கொடுத்தாலும் தீராது. வட்டி வருடத்துக்கு 15 முதல் 18 சதவீதம். நீங்களே பெருக்கிப் பாருங்கள்... வட்டிக்கு மட்டும் ஏறக்குறைய ஆயிரம் மொம்மே. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வீட்டு வாசலைத் தாண்டும் முன்னாலேயே காலி.

நாட்டுக்கே கணக்கு எழுதுகிறவர்கள் வீட்டில் இந்தக் கதி! குடித்து அழித்தார்களா, சூதாடினார்களா? ஒன்றும் இல்லை. எல்லாம் கௌரவச் செலவு.

அப்பா நொபுயுகி கெட்டிக்காரர். 1827-இல் ஷோகுன் இயெனாரியின் மகள் இளவரசி யோஹிமேவை காகா பிரபு மயேதா நரியாசுவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் கல்யாணத்துக்காக எதோ நகரில் (இன்றைய டோக்கியோ) மயேதா மாளிகையில் கட்டிய சிவப்பு வாசல்தான் இன்றைக்கு டோக்கியோ பல்கலைக்கழகத்தின் அடையாளமாக நிற்கும் 'அகாமோன்'. அந்த இளவரசி சம்பந்தப்பட்ட கணக்கு வழக்கைப் பார்த்தவர்களில் நொபுயுகி ஒருவர். நன்றாகச் செய்தார் என்று 70 கொக்கு மானியம் கிடைத்தது, அந்தஸ்தும் ஏறியது. அங்கேதான் வினையும் ஆரம்பம். எதோவில் வேலை என்றால் கனசாவாவில் ஒரு குடும்பம், அங்கே ஒரு ஜாகை. செலவு இரட்டிப்பு. தலைநகரத்தில் பிரபுவின் ஆள் என்று நடமாட வேண்டுமானால் அதற்குத் தகுந்த உடை, பரிசு, விருந்து. பதவி உயர்வு வந்தால் சம்பளம் கொஞ்சம் ஏறும், செலவு நிறைய ஏறும். இது 1827-க்கு மட்டும் பொருந்துகிற விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை :-)

சரி, செலவைக் குறைத்திருக்கலாமே? எதைக் குறைப்பது என்பதுதான் கேள்வி. வீட்டில் ஒரு வேலைக்காரன், ஒரு வேலைக்காரி. ஆளை நிறுத்திவிடலாம் என்றால் முடியாது. அந்த அந்தஸ்தில் இருக்கும் சாமுராய் வெளியே போகும்போது பின்னால் ஒரு ஆள் வந்தாக வேண்டும். உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போக வேண்டும், அவர்கள் வந்தால் உபசரிக்க வேண்டும். வந்தவரோடு கூட வந்த வேலையாளுக்கும் கையில் நாலு காசு கொடுத்து அனுப்ப வேண்டும். குழந்தை பிறந்தால் ஒரு சடங்கு, முடி வளர்க்க ஆரம்பித்தால் ஒரு சடங்கு, முதல் தடவை ஹகாமா உடை உடுத்தினால் ஒரு சடங்கு, கோயிலுக்குத் தட்சிணை, திதி, வருடப்பிறப்பு அன்பளிப்பு. கொடுத்தது திரும்பி வரும், வந்தது திரும்பிப் போகும். மொய் நோட்டு எழுதிப் பழகிய நமக்கு இதை விளக்கவே வேண்டாம். நம்மால் ஒரு கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிட முடியும், முணுமுணுப்போடு போய்விடும். அங்கே அது உத்தியோகத்தையே பாதிக்கும். இசோதா இந்தச் செலவுக்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார், 'அந்தஸ்துச் செலவு' என்று.

1842 கோடையில் மகன் நவோயுகி ஒரு முடிவு எடுத்தார். இன்னும் இரண்டு வருடம் இப்படியே போனால் வட்டியே குடும்பத்தை விழுங்கிவிடும். கணக்கு இலாகாக்காரன் வீடே திவால் என்று வெளியே தெரிந்தால் மானமும் போகும், வேலையும் போகலாம். அதனால் வீட்டில் இருப்பதை எல்லாம் விற்பது என்று தீர்மானம். அப்பாவின் தேநீர்ப் பாத்திரங்கள், புத்தகங்கள், அம்மாவின் உடைகள், மனைவியின் பட்டுக் கிமோனோக்கள்... எதையும் விட்டுவைக்கவில்லை. எல்லாம் விற்றுக் கிடைத்தது 2,563 மொம்மே. ஒரு வருடச் சம்பளத்தில் ஆறில் ஐந்து பங்கு. ஒரு வீட்டுப் பீரோவிலும் அலமாரியிலும் இவ்வளவு பணம் முடங்கிக் கிடந்திருக்கிறது!

அதை வைத்துக்கொண்டு கடன்காரர்களிடம் பேசினார்கள். கடனில் நாற்பது சதவீதத்தை உடனே கட்டிவிடுகிறோம், மிச்சத்தை வட்டி இல்லாமல் பத்து வருடத் தவணையில் கொடுக்கிறோம் என்று. கடன்காரர்கள் சம்மதித்தார்கள். கையில் ரொக்கத்தைக் காட்டிப் பேசுவதற்கும் வெறும் கையோடு கெஞ்சுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நவோயுகியின் புத்திசாலித்தனம் விற்றதில் இல்லை, மொத்தமாக ஒரே நேரத்தில் விற்றதில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். மாதம் ஒரு கிமோனோவாக விற்றிருந்தால் அத்தனையும் வட்டிக்கே போயிருக்கும், அசல் அப்படியே நின்றிருக்கும்.

அந்த நேரத்தில்தான் இந்தக் கணக்குப் புத்தகமும் ஆரம்பிக்கிறது. இனிமேல் ஒரு காசு செலவானாலும் எழுதுவது என்று. எனக்கு அதில் மிகவும் பிடித்தது 1843-ஆம் வருடக் கைச்செலவுப் பங்கீடு. அப்பா நொபுயுகிக்கு 176 மொம்மே. பாட்டிக்கு 90. அம்மாவுக்கு 83. மனைவிக்கு 21. குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிற நவோயுகிக்கு... 19!

மறுபடியும் படியுங்கள். கிமோனோவைக் கொடுத்த மனைவிக்கு 21, கணக்கு எழுதுகிறவருக்கு 19. அந்த வருடம் ஜப்பானிய நாட்காட்டியில் அதிக மாதம் ஒன்று சேர்ந்து 13 மாதம் வேறு. அதனால் மாதத்துக்கு இன்றைய மதிப்பில் ஆறாயிரம் யென்னுக்கும் குறைவு. வீட்டு வேலைக்காரனுக்குக் கொடுத்த சம்பளமே இதைவிடப் பல மடங்கு அதிகம். எஜமான் முன்னால் காலி மடியோடு நடக்க, பின்னால் செருப்பு எடுக்கிற ஆள் காசோடு வந்திருக்கிறான்.

ஐந்து பேருக்கும் சேர்த்து 389 மொம்மே. மொத்த வருமானத்தில் எட்டில் ஒரு பங்கு. கடனில் மூழ்கிய குடும்பத்துக்கு இது அதிகம் இல்லையா, அப்பாவுக்கு எதற்கு 176 என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. யோசித்தால் வேறு மாதிரி தெரிகிறது. அப்பா இன்னும் உத்தியோகத்தில் இருக்கிறார், வெளியே நாலு பேரைப் பார்க்க வேண்டும். பெரியவர்கள் கையைக் கட்டிப்போட்டால் வீட்டில் சமாதானம் இருக்காது, சமாதானம் இல்லாத வீட்டில் பத்து வருடத் தவணை ஓடாது. சின்னவர்கள் தங்கள் வயிற்றைக் கட்டினார்கள். ஆனாலும் அந்த 21-ம் 83-ம் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. மாமியார் மருமகள் விகிதம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போல.

மனைவியைப் பற்றி இன்னொன்று. மனைவியிடமிருந்து கடன் வாங்கியதாகக் கணக்கில் பதிவு இருக்கிறது. அதாவது அவர் பணம் வேறு, வீட்டுப் பணம் வேறு. பிறந்த வீட்டாரும் கைகொடுத்திருக்கிறார்கள். சாமுராய் வீட்டுப் பெண்ணுக்குச் சொத்தே கிடையாது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, கணக்குப் புத்தகம் வேறு சொல்கிறது. சட்டப் புத்தகத்தை விடக் கணக்குப் புத்தகத்தை நம்பலாம் என்று இதற்காகத்தான் வரலாற்று வாத்தியார்கள் சொல்கிறார்களோ?

குழந்தைக்கு ஒரு சடங்கு வருகிறது. விருந்தில் 'தாய்' மீன் வைக்க வேண்டும், மங்கலத்துக்கு அடையாளம் அது. நம் வீட்டு விசேஷத்தில் பாயசம் மாதிரி, இல்லாமல் விருந்து இல்லை. விலையோ எக்கச்சக்கம். என்ன செய்தார்கள் தெரியுமா? மீன் படத்தை வரைந்து வைத்துவிட்டார்கள்! முன்னால் சொன்னேனே ஒரு படம், 2010-இல் மொரிதா யொஷிமிட்சு இயக்கத்தில் இந்தக் கதை சினிமாவாக வந்தபோது இந்த மீன் காட்சிதான் எல்லோருக்கும் நினைவில் நின்றது. வாள் சண்டைக்குப் பதிலாக மணிச்சட்டம் தட்டுகிற சாமுராய் படம்! ஒன்று கவனியுங்கள், சடங்கை அவர்கள் ரத்து செய்யவில்லை. உறவினர்களைக் கூப்பிட்டார்கள், இலை போட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், இலையில் மட்டும் ஓவியம். எதை விடலாம், எதை விடவே முடியாது என்று பிரித்துப் பார்த்த கணக்குப்பிள்ளை மூளை.

அப்புறம் காலம் மாறியது. 1868-இல் மெய்ஜி ஆட்சி. நவோயுகியின் மகனும் அதே கணக்குப் படிப்பில் வளர்ந்தவர். உள்நாட்டுப் போரின்போது காகா படைக்குச் சாப்பாடு, சாமான் அனுப்புகிற கணக்கைப் பார்க்கப் போனவரைப் புதிய ராணுவத்தை அமைத்த ஒமுரா மசுஜிரோ கண்டு இழுத்துக்கொண்டார். சண்டை போட ஆயிரம் பேர் இருந்தார்கள், இத்தனை ஆளுக்கு இத்தனை நாளுக்கு எத்தனை மூட்டை அரிசி என்று சொல்ல ஆள் இல்லை. பிறகு கடற்படையில் கணக்கு அதிகாரி. 1874-இல் வருடச் சம்பளம் 1,235 யென். அன்றைக்கு அது மிகப் பெரிய பணம்.

அதே நேரத்தில் கனசாவாவில் இருந்த சொந்தக்காரர்கள் நிலைமை பரிதாபம். 1871-இல் காகா நாடே கலைக்கப்பட்டது. 1876-இல் சாமுராய்களின் பரம்பரை அரிசிச் சம்பளத்தை ஒழித்து, கையில் கடன் பத்திரத்தைக் கொடுத்துவிட்டார்கள். வாள் பிடிக்கத் தெரிந்தவனுக்கு வேலை இல்லை. மேல்தட்டு சாமுராய்கள் கேவலமாக நினைத்த கணக்குப் பிள்ளைத்தனம்தான் இந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது.

இவ்வளவு பெரிய சலுகையைப் பிடுங்கியும் சாமுராய்கள் எல்லோரும் ஏன் கொதித்து எழவில்லை என்பதற்கு இசோதா ஒரு காரணம் சொல்கிறார். சாமுராயாக இருப்பதில் வருவதை விட, சாமுராயாக இருப்பதற்கு ஆகும் செலவு அதிகமாகிவிட்டது. அதனால் அந்தஸ்து போனபோது பலருக்கு உள்ளுக்குள் ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்திருக்கும் என்கிறார். எனக்கு இது பாதிதான் சரியாகப் படுகிறது. 1877-இல் சாய்கோ தகமோரி தலைமையில் சத்சுமா சாமுராய்கள் பெரும் கலகமே செய்தார்கள், அவர்கள் வீட்டிலும் இதே செலவுதானே இருந்திருக்கும்? ஆனால் மற்ற ஊர்களில் பெரும்பாலோர் சத்தம் போடாமல் அடங்கியதற்கு இந்த விளக்கம் பொருந்துகிறது. இனொயாமா கணக்கைப் பார்த்த பிறகு மறுப்பது கஷ்டம்.

இன்றைக்கு ஜப்பானில் 'ககேய்போ' என்று வீட்டுக் கணக்கு நோட்டு அச்சடித்தே விற்கிறார்கள். வருடக் கடைசியில் புத்தகக் கடைகளில் குவித்து வைத்திருப்பார்கள். அதை 1904-இல் அச்சில் பிரபலப்படுத்தியவர் ஹானி மொதோகோ, ஜப்பானின் முதல் பெண் பத்திரிகையாளர்களில் ஒருவர். அவர் வடக்கே ஹச்சினோஹேயில் 1873-இல் பிறந்தவர். குடும்பம் என்ன குடும்பம் என்று பார்த்தால், சம்பளம் போன பழைய சாமுராய் குடும்பம்.