தம்மை நகும் மேடை: பெல்காச்சியாவும் சுகுண விலாச சபையும்

ஆங்கில அறிவியல் புனைகதை ரசிகர்கள் தம் மாநாடுகளில் தம்மையே கேலி செய்து குறுநாடகங்கள் எழுதி நடிப்பதுண்டு. தொழில்முறை நடிகரல்லாதார் தம் கூட்டத்தார்க்கெனத் தாமே எழுதி நடிக்கும் இவ்வகை நகைநாடகத்திற்கு இந்தியாவிலும் ஒரு முன்வரலாறு உண்டு. அதில் கருதத்தக்க நிகழ்வொன்று, இன்றைய நியூ டவுனுக்கு மேற்கே, வடகல்கத்தாவின் பெல்காச்சியாவில் நடந்தது. சரியாகச் சொன்னால், நடக்கவிருந்து நடவாமற் போயிற்று.

பைக்பாரா அரசகுடும்பத்துப் பிரதாப சந்திர சிங்கும் ஈசுவர சந்திர சிங்கும் தம் தோட்ட மாளிகையில் 1858இல் அமெச்சூர் அரங்கொன்றைத் தொடங்கினர். ஆங்கிலம் கற்ற நண்பர்களே நடிகர்கள், அழைக்கப்பட்டோரே அவையினர். 1859இல் அங்கே தம் 'சர்மிஷ்டா' மேடையேறிய பின்னர், மைக்கேல் மதுசூதன் தத் அவ்வரங்கிற்கென இரு பிரகசனங்களை எழுதினார். மகேந்திரவர்மனின் 'மத்தவிலாச'த்தால் தமிழகம் முன்னரே அறிந்த வகைதான் இது. முதலாவது, 'ஏகேய் கி பலே சப்யதா' (இதுதானா நாகரிகம்?). அதில் நவகுமாரன் என்னும் இளைஞன் தன் வைணவத் தந்தையை ஏய்த்து 'ஞானதரங்கிணி சபை'க்குச் செல்கிறான். அங்கே பேச்சில் சீர்திருத்தம். நடப்பில் குடியும் கூத்தும். சபையார்க்கு எழுதிய நாடகத்தில் ஒரு சபையையே நகைப்பொருளாக்கிய துணிவு எண்ணத்தக்கது. மதுசூதனரும் இந்துக் கல்லூரியில் பயின்றவர். மதுவுக்கு அயலாரும் அல்லர். இரண்டாவது பிரகசனம் பக்திவேடமிட்ட கிழ ஜமீன்தாரின் காமத்தை நகுவது. முன்னதை ஆங்கிலம் கற்ற இளைஞரும் பின்னதை வைதிகரும் பொறுக்கமாட்டார் என்ற நிலையில், 1860இல் அச்சேறிய இரண்டுமே பெல்காச்சியாவில் மேடையேறவில்லை. முதலாவதை 1865இல் சோபாபஜார் அமெச்சூர் குழுவினர் நடித்தனர். ஈசுவர சந்திரரோ 1861இலேயே மறைந்துவிட்டார்.

சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தோற்றுவித்த சுகுண விலாச சபையும் கற்றோர் கூட்டமே. வழக்கறிஞரும் அலுவலரும் அதில் மிகுதி. ஆனால் அவருடைய 'சபாபதி' பிரகசனங்களில் நகைப்புக்குள்ளாவோர், ஒரே பெயர் பூண்ட எசமானும் வேலைக்காரனும். வேலைக்காரனின் பேதைமை அவ்வவையில் எவரையும் சுட்டிராது. 'சந்திரஹரி' சற்று வேறானது. மெய்யே பேசும் அரிச்சந்திரனைப் பொய்யே பேசும் மன்னனாகத் தலைகீழாக்கியது அது. அரிச்சந்திரன் துயர்கண்டு உருகிப் பழகிய அவையோர்க்கு அது தம் கண்ணீரையே நகுவது போன்றது. எழுதியவர் வழக்கறிஞராயிருந்து பின்னர் நீதிபதியானவர் என்பது சுவையைக் கூட்டுகிறது. எனினும் அந்நகை கதையின்மேற் சென்றதேயன்றி, முன்வரிசையில் அமர்ந்தோர்மேற் செல்லவில்லை. நவகுமாரனுக்கு நிகரான ஒருவனை இவ்விரண்டிலும் காணல் அரிது.